திருப்பி வைத்த பல்

என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் இன்னும் சொந்தப் பல்லால் மாங்காய் கடிக்கிறீர்கள் என்று கேட்டால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கேட்கிற எனக்கே மேல்வரிசையில் ஒரு பக்கம் வெறும் முரசுதான், ஈறு மட்டும். பாணின் கரையைக்கூடத் தேநீரில் நனைத்துத்தான் உள்ளே தள்ளுகிறேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்கோ பல் போகப் போகத்தான் சொல் வருகிறது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது சிரிக்கிற கதை அல்ல.

எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த பருவம் அது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா கப்பலில் வேலை செய்தார். வருடத்தில் பெரும்பகுதி சுவரில் தொங்கும் படமாகத்தான் எங்களோடு இருந்தார். வீட்டுக்கு ஆண்பிள்ளை என்றால் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. துறைமுகத்தில் கிளாக்கர். கட்டுப்பல் வைத்தவர். சாப்பிட்டதும் அதைக் கழற்றிக் கழுவி, ஒரு கண்ணாடிக் குவளைக்குள் போட்டுவிட்டுத்தான் சாய்மனைக் கதிரையில் சாய்வார். அம்மாவின் தங்கையான சின்னம்மா, அதற்கு முந்திய வருடம்தான் தன் துணிப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய புருஷன், எங்கள் சித்தப்பா, கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

சித்தப்பா மீனவர் அல்ல. துறைமுக லோஞ்ச் படகு ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசைக்கு வராமல், மட்டக்குளியில் கட்டி வைத்திருந்த தன் சின்ன வள்ளத்தில் தூண்டிலோடு போய்விடுவார். நீல வர்ணம் பூசிய வள்ளம். அப்படி ஒரு ஞாயிறு தனியாகப் போனவர்தான். அன்றைக்குக் கடல் கொந்தளிக்கவும் இல்லை, மழை பெய்யவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஹெந்தளைக் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது. அதே நீல வர்ணம். அதில் ஒரு பெரிய சுறாப்பல் வேரோடு கழன்று முனை புதைந்து நின்றது. ஆனால் ஆள் இல்லை, துணி இல்லை, ஒன்றுமில்லை. அவர் ஏதோ கப்பலில் தொற்றிக்கொண்டு போய்விட்டார் என்றும், தூத்துக்குடியில் அவரைக் கண்டவர் உண்டு என்றும் துறைமுகத்தில் கதை உலாவியது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். சித்தப்பா செத்தாரா, இருக்கிறாரா?

இது சும்மா கேள்வி அல்ல. சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இராது. பிள்ளை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாத்தியார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், மனைவியை இழந்தவர், அவரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நல்ல மனிதர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்முடைய சமயத்தில் புருஷன் செத்தான் என்று நிச்சயமில்லாமல் ஒருத்தி இன்னொருவரைக் கட்ட முடியாது. மாமா பலகையைத் தூக்கிக்கொண்டு பங்குச் சுவாமியிடம், கோயில் பாதிரியாரிடம், போனார். சுவாமி நேர்மையான மனிதர்.

"இது வள்ளம் உடைஞ்சதுக்குச் சாட்சி. ஆள் செத்ததுக்கு இது காணாது," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சின்னம்மா இதில் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்ததும் வாசல் கேற்றடியில் வந்து நிற்பார். ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை திரும்பும். சில நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போவார். களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில் நின்று, வருகிற வள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசி வள்ளமும் கரையேறிய பிறகுதான் திரும்புவோம். என் கையைப் பிடித்திருக்கும் அவருடைய உள்ளங்கை ஈரமாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்து வரிசைவீட்டுப் பெண்கள் அவரைக் காட்டி, "பாவம், என்ன பத்தினி," என்று அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்.

அந்த நாட்களில்தான் என் முன்பல் விழுந்தது. அணிலே, இதை எடுத்துக்கொண்டு புதுப் பல் தா என்று சொல்லி ஓட்டுக்கு மேல் எறிந்தேன். சின்னம்மாவுக்கும் பக்கப்பல் ஒன்று இல்லை. பைப்படியில் வழுக்கி விழுந்ததில் போனது என்று அம்மா சொல்லியிருந்தார்.

"சின்னம்மா, நீங்களும் எறிஞ்சிருந்தா முளைச்சிருக்குமே?"

"பெரிய ஆக்களுக்கு முளைக்காது பிள்ளை. விழுந்தா விழுந்ததுதான்."

இந்தச் சொல்லைத்தான் அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமாவும்தான். குவளைக்குள் பல் வைத்திருக்கிற மனிதர் வேறெதை நம்புவார்?

வாடைக்காற்று அடங்கிய நேரம், மட்டக்குளியில் ஒரு பெரிய சுறா பிடிபட்டதென்று செய்தி வந்தது. மாமா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். மணலில் அது கிடந்த கிடை இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிறம், விலாவில் மங்கிய வரிகள். "கொட்டி மோரா, மாத்தயா," என்றார் அதைப் பிடித்த முதலாளி. புலிச்சுறா என்று மாமா எனக்குத் தமிழில் சொன்னார். வயிற்றைக் கிழித்தார்கள். ஆமை ஓட்டுத் துண்டு ஒன்று, கடற்பறவையின் இறகு, ஒரு தகர டப்பா. எல்லோரும் எதை எதிர்பார்த்துக் குனிந்தார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. நாற்றம் மட்டும் விளங்கியது. மாமா வயிற்றைப் பார்க்கவில்லை. ஒரு தடியால் வாயை நெம்பித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் ஒரு பல் இல்லை.

அந்த வாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலாளி வெட்டிக் கொடுத்ததை உப்புப் பூசி, சுருங்கிப் போகாமல் இருக்க நடுவில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து, பின்வளவில் ஜம்பு மரத்துக் கிளையில் தொங்கவிட்டார் மாமா. காகங்கள் வந்தன, எறும்புகள் வந்தன, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அதனிடம்தான் போவேன்.

முதல் பார்வைக்கு ஒரே வரிசைதான் தெரிந்தது. ஒவ்வொரு பல்லும் சேவல் கொண்டை போல ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கத்தில் ஒரு வெட்டு விழுந்து, விளிம்பெல்லாம் பாண் வெட்டுகிற கத்தி போல அரமரமாக இருந்தது. வலத்தாடைப் பற்கள் வலக்கோடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன, இடத்தாடைப் பற்கள் இடக்கோடியைப் பார்த்து. முன்வரிசையில் பல பற்களுக்கு அரம் மழுங்கியிருந்தது. சிலதுக்கு நுனியே இல்லை. உழைத்துத் தேய்ந்த பற்கள். ஆனால் வெயிலில் முரசு காய்ந்து சுருங்கச் சுருங்க, பின்னால் மறைந்திருந்தது வெளியே வந்தது. இரண்டாவது வரிசை, அதற்குப் பின் மூன்றாவது, பிறகும் வரிசை. எல்லாம் உள்பக்கமாகச் சரிந்து, ஓடு அடுக்கினது போல ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அவற்றில் ஒரு தேய்வு கிடையாது. விரல் வைத்துப் பார்த்தேன், வெட்டிவிட்டது.

இரத்தம் சொட்டச் சொட்ட அடுப்படிக்கு ஓடினேன். சின்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். அம்மா என் விரலில் துணி சுற்றினார்.

"அம்மா, அந்த ஓட்டைக்குப் பின்னால புதுப் பல்லு ஒண்டு நிக்குது. பாதி எழும்பிட்டுது."

"செத்த மீனுக்குப் பல்லு முளைக்குதாம்! வாயைப் பொத்து. இனி அங்க போனா மற்ற விரலையும் நானே வெட்டுவன்."

சின்னம்மா களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

பிறகு ஒருநாள் மாலை பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார். மேசையில் பழைய பேப்பர் விரித்து, வாயை ஒரு பக்கம், பலகையை ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். மாமா லேஞ்சித் துணி மடிப்பிலிருந்து பல்லை எடுத்தார். பலகையிலிருந்து அதை அவர் முன்னமே கிளப்பி வைத்திருந்தார். என்னை அறைக்குள் விரட்டியிருந்தாலும் கதவுச் சீலைக்குக் கீழால் எனக்கு எல்லாம் தெரிந்தது. மாமா அந்தப் பல்லை ஓட்டையில் வைத்தார். அது நின்றது.

"பாருங்க சுவாமி. அச்சொட்டா இருக்கு. இந்த வாய்தான்."

சுவாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சின்னம்மாவிடம் திரும்பினார்.

"பிள்ளை, உன்ர மனசுக்கு என்ன படுது? நீதான் அவற்ற மனுசி."

சின்னம்மா மேசைக்கு அருகில் வந்தார். ஓட்டையையும் பல்லையும் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அவர் இல்லை சுவாமி."

அம்மா வீரிட்டு அழுதார். மாமாவும் அழுதார். சின்னம்மா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிர்ச்சியில் கண்ணீர் வற்றிவிட்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

துக்க மணி அடித்தது. உடல் இல்லாத பூசை நடந்தது. சின்னம்மா கறுப்புச் சீலை கட்டினார். ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வர மாதங்கள் பிடித்தன. சட்டத்துக்கான அலைச்சலை மாமா பார்த்துக்கொண்டார். மறு வருடம் சின்னம்மா வாத்தியாரைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். கலியாணப் பூசையில் நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், எடுத்தார். அதன் பிறகு அவர் நன்மை எடுக்க எழும்பிப் போய் நான் கண்டதில்லை. கடைசி வாங்கில் இருந்தபடி பிள்ளைகளை முன்னே அனுப்புவார். கேட்டால் கஸ்ட்ரிக், வெறும் வயிற்றோடு வர ஏலாது என்பார். அம்மாவும் மாமாவும் சாகும்வரை ஒரே கவலையோடு இருந்தார்கள். அவள் அவனை மறக்கவில்லை, நாங்கள்தான் பிடித்துத் தள்ளினோம் என்று. சுறாவின் வாய் எங்கள் ஹோலில் ஆணியில் தொங்கிக் கிடந்து, பிறகு வந்த கலவரத்தில் வீட்டோடு எரிந்து போனது.

போன மாதம் வெள்ளவத்தையில் பல் கட்டப் போயிருந்தேன். காத்திருக்கிற இடத்தில் சுவரில் ஒரு டிவி. கடலுக்குள் எடுத்த படம் ஓடியது. எனக்குக் கடல் படம் பிடிக்காது, ஆனால் வேறு எங்கே பார்ப்பது? சுறாவின் வாயைப் பக்கத்தில் காட்டினார்கள். அதே வரிசைகள். அதன் பல் எலும்பில் ஊன்றி நிற்பதில்லை, முரசில்தான் நிற்கிறது. முன்பல் தேய்ந்து விழுந்தால் பின்னால் படுத்திருப்பது எழுந்து முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். அதற்குச் சில வாரங்கள் போதும். உயிரோடு இருக்கிறவரை இப்படியே, வாழ்நாளில் ஆயிரக்கணக்கில்.

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. சித்தப்பா போய் ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பிடிபட்ட சுறா அது. வள்ளத்தைக் கடித்தபோது விழுந்த பல்லின் இடம் அத்தனை காலம் வெறுமையாக இருந்திருக்க முடியாது. அந்த ஓட்டை அப்போதுதான் விழுந்த ஓட்டை. பின்னால் பாதி எழுந்து நின்ற பல்லை நான் என் கண்ணால் கண்டேன். தங்கள் வாயை வைத்துச் சுறாவின் வாயை அளந்து, அதை நம்பி ஒருத்தியை விதவையாக்கி, மறுபடி மனைவியாக்கியிருக்கிறார்கள்.

சின்னம்மாவின் ஃபிளாட் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னம்மா மகளோடு இருக்கிறார். சில மாதங்களாகப் படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து, வீட்டிலே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நினைவு மட்டும் தெளிவு. மகள் தேநீர் போட உள்ளே போனாள். சொல்வதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, என் வாய் முந்திவிட்டது. டிவியில் கண்டதைச் சொன்னேன்.

"அந்த ஓட்டை பழைய ஓட்டை இல்லையாம் சின்னம்மா. அந்தப் பல்லை வச்சு ஒண்டும் சொல்லேலாது. சித்தப்பாவைக் கொண்டது அந்தச் சுறாவோ, அவர் செத்தவரோ எண்டுகூட..."

"தெரியும்," என்றார் சின்னம்மா.

கட்டில் ஓரமாகக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நீ அண்டைக்குச் சொன்னனியே, புதுப் பல்லு நிக்குதெண்டு. போய்ப் பாத்தனான். அது மட்டுமில்லை. அங்கால நிண்ட பல்லெல்லாம் வலப்பக்கம் சாஞ்சு நிண்டது. அண்ணை வச்ச பல்லு இடப்பக்கத்துப் பல்லு. அதைத் திருப்பி, புடைச்ச உள்பக்கம் வெளிய பாக்க வச்சவர். அப்பதான் சாய்வு சரியா வந்தது. சுவாமிக்கு அது விளங்கேல்லை."

"மாமா தெரிஞ்சே செய்தவரோ?"

"நான் கேக்கேல்லை. அவர் சொல்லவுமில்லை."

"அப்ப ஏன் சின்னம்மா இல்லையெண்டு சொன்னீங்கள்?"

மகள் போன அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் கேற்றடியில நிண்டதை எல்லாரும் என்ன நினைச்சினம்? அவர் வாறாரெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு. நான் வந்திடுவாரோ எண்டுதான் பாத்தனான். ஒவ்வொரு வள்ளத்தையும் பாத்து, அவர் அதில இல்லையெண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அந்த மனுசன்ர கை அப்பிடி. பைப்படியில விழுந்ததெண்டு சொன்னது உங்கட அம்மாவுக்கு நான் சொன்ன பொய்."

அவருடைய ஈரமான உள்ளங்கைக்குள் என் கை இருந்த நாட்களெல்லாம் ஒன்றாக வந்து நின்றன. ஊரே பத்தினி என்று கும்பிட்ட பெண், பயத்தில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். எங்கள் அம்மா, கூடப் பிறந்தவர், அதைப் பார்த்துக் கண் துடைத்தாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சுவாமி என்னட்டக் கேட்டார் பார், அப்ப எனக்கு விளங்கிச்சுது. இதைவிட வேற கதவு எனக்குத் திறக்காது. இல்லையெண்டு சொன்னன். ஆனா கலியாணப் பூசையில நன்மை எடுக்கேக்க அது தொண்டையால இறங்கேல்லை. பொய் சொல்லி எடுத்த நன்மை. அதோட விட்டிட்டன்."

"ஒருக்கா சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ர கலியாணம் கலியாணமோ எண்டு கேள்வி வராதோ? வாத்தியார் தங்கமான மனுசன். பிள்ளையள் என்ன பிள்ளையள் எண்டாகும்? இத்தனை வருசம் உன்ர சித்தப்பா பேரில பூசை குடுத்தனான். செத்தவரோ இல்லையோ எண்டு தெரியாத ஆளுக்கு ஆத்துமப் பூசை. இப்ப என்ர நேரம் வந்திட்டுது. சொல்லிப்போட்டுப் போறதோ, சொல்லாமல் போறதோ? நீ சொல்லு."

உலகத்தில் எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். அன்றைக்கு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவர் உங்களுக்கு அடிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்கோ சின்னம்மா. அதையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மகளை அனுப்பி ஃபாதரைக் கூப்பிட்டோம். இப்போதைய ஃபாதர்மார் எங்கள் பேரப்பிள்ளைகள் வயது. மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டு அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நானும் மகளும் ஹோலில் இருந்தோம். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று போயிற்று, பிறகு மற்றப் பக்கம் ஒன்று. தேநீர் ஆறிப் போனது. அம்மா இவ்வளவு நேரம் என்ன கதைக்கிறா என்று மகள் கேட்டாள். பழைய கதை என்றேன்.

கதவு திறந்தபோது ஃபாதரின் கண் சிவந்திருந்தது. அவர் என்ன சொன்னார் என்பது நான் கேட்கக்கூடாத விஷயம், கேட்கவும் இல்லை. மெழுகுதிரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவள் பிறந்ததிலிருந்து தன் தாய் நன்மை எடுத்துக் கண்டதில்லை. ஏன் என்று தெரியாமலே முழங்காலில் நின்றாள்.

நன்மையைப் பல்லால் கடிக்கக் கூடாது என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சின்னம்மாவுக்குக் கடிக்கப் பல்லே இல்லை. ஃபாதர் நீட்டியதும், பசித்த பிள்ளை போல வாயை அகலத் திறந்தார்.